லேப் அக்கா பதில்கள்: மோனோசைட்டும் அதன் தீராப் பசியும்

சென்ற மாதம் டெங்கு பற்றி எழுதும்போது, போகிற போக்கில் மோனோசைட் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டேன். ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணுக்களில் அது ஒரு வகை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அரசு மருத்துவமனை லேபில் 31 வருடம் ஸ்லைடு பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து மாத்திரைக்கு உங்கள் டாக்டரிடமே போங்கள்.

என் மாமனாருக்கு வயது 67. வைரஸ் காய்ச்சல் வந்து தேறிய பிறகு ரத்தம் எடுத்தோம். மொத்த வெள்ளையணு 6,200. மோனோசைட் 11 சதவீதம் என்று தடித்த எழுத்தில், மேலே பார்க்கும் அம்புக்குறியோடு வந்திருக்கிறது. என் கணவர் செல்போனில் தேடிவிட்டு, ரத்தப் புற்றுநோயாக இருக்குமோ என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.
— வாசகி, திண்டுக்கல்

முதலில் அவருக்குச் சோறு போடுங்கள்.

அப்புறம் ஒரு கணக்குப் போடுவோம். 6,200இல் 11 சதவீதம் என்றால் 682. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மோனோசைட் சுமார் 200 முதல் 800 வரை இருக்கலாம். ஆக, உங்கள் மாமனாரின் மோனோசைட் எண்ணிக்கை கூடவே இல்லை. கூடியது சதவீதம் மட்டும்தான். வகுப்பில் பத்துப் பேர் லீவு போட்டால் மிச்சமிருப்பவர்களின் சதவீதம் தானாக ஏறுமே, அது மாதிரி. அறிக்கை அடிக்கும் கம்ப்யூட்டருக்கு இந்த நியாயம் தெரியாது. எல்லையைத் தாண்டினால் அம்பு போடும், அவ்வளவுதான். காய்ச்சல் தேறுகிற நாட்களில் மோனோசைட் கொஞ்சம் தூக்கலாக நிற்பதும் வழக்கம். பழைய டாக்டர்கள் அதைப் பார்த்தால் "ஆள் தேறி வர்றார்" என்பார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அறிக்கையில் மோனோசைட் என்றே இருக்கிறதா, 'மிட்' என்று இருக்கிறதா? சின்ன ஊர் லேப்களில் இருக்கும் பல மெஷின்கள் வெள்ளையணுக்களைப் பருமனைப் பார்த்து மூன்று கூறாகப் பிரிப்பவை. நடுக் கூறுதான் மிட். அதில் மோனோசைட்டோடு ஈசினோஃபில், பேசோஃபில் என்ற வேறு வகை வெள்ளையணுக்களும் கலந்திருக்கும். தட்டச்சு செய்பவர் அவசரத்தில் அந்த எண்ணை அப்படியே மோனோசைட் வரியில் போட்டுவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் "ஸ்லைடு போட்டுப் பார்த்தீர்களா?" என்று லேபில் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு லேபுக்குப் போங்கள்.

ஸ்லைடில் மோனோசைட்டைப் பார்ப்பது ஒரு தனி சுகம். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் நாக்கு வடிவில் இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, பெரிய லென்ஸை இறக்கினால் சிவப்பணுக் கூட்டத்துக்கு நடுவே ஆள் தனியாகத் தெரிவார். வெள்ளையணுக்களில் அதுதான் பெரிசு. சிவப்பணுவைப் போல இரண்டு மடங்கு அகலம் இருக்கும். உட்கரு அவரைக்கொட்டை மாதிரி ஒரு பக்கம் குழிந்திருக்கும். சுற்றியுள்ள கூழ் அரிசி களைந்த தண்ணீரின் நிறம். அதில் ஊசி முனையால் குத்தியதுபோல் ஒன்றிரண்டு குமிழிகள். உருவம் பெரிதாக இருப்பதால் ரத்தத்தை இழுக்கும்போது ஓரத்துக்கும் வால் பக்கத்துக்கும் ஓடிவிடும். நடுவில் மட்டும் எண்ணுகிற புதுப் பையன்கள் மோனோசைட்டைக் குறைத்துத்தான் சொல்வார்கள்.

நானும் புதுசில் வழுக்கியவள்தான். சேர்ந்த முதல் மாதமே, காய்ச்சல் தேறிவந்த ஒரு சிறுவனின் ஸ்லைடில் பெரிது பெரிதாக நாலைந்து அணுக்களைப் பார்த்துப் பயந்து, புற்றுநோயில் வரும் முதிராத அணு என்று பென்சிலால் குறித்துவிட்டேன். சீனியர் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "உட்கருவின் நூலைப் பாரும்மா, பின்னல் மாதிரி தளர்வா இருக்கா? கூழில் குமிழி இருக்கா? அப்ப இது நம்ம ஆளு" என்றார். அந்தப் பென்சில் கோட்டை அழித்த ரப்பரை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

கையால் எண்ணுவது நூறே நூறு அணுக்களை. அதே ஸ்லைடை மறுபடி எண்ணினால் 7 என்பது 4 ஆகலாம், 11ஆகவும் ஆகலாம். ஒரு தடவை வந்த எண்ணை வைத்து யாரும் பட்டினி கிடக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மோனோசைட் எண்ணிக்கை மாதக்கணக்கில் ஆயிரத்துக்கு மேலேயே நின்றாலோ, எடை குறைந்தாலோ, மண்ணீரல் வீங்கினாலோ, ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வந்தாலோ கட்டாயம் டாக்டரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்கு மோனோசைட் சம்பந்தப்பட்ட ரத்தப் புற்றுநோய் வருவதுண்டு. அதை மறைக்க மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய எண்களில் அதற்கான சாடை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மோனோசைட் வளர்ந்தால் மேக்ரோஃபேஜ் என்று படித்திருக்கிறோம். இணையத்தில் ஒரு சார் அது முழுக்கச் சரியில்லை என்கிறார். எதை எழுதினால் மார்க் கிடைக்கும்?
— பிளஸ் டூ மாணவன், அறந்தாங்கி

மார்க்குக்குப் படித்ததையே எழுது, தம்பி. இனிமேல் சொல்வது மார்க்குக்கு இல்லை.

எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மூல அணுவிலிருந்து மோனோபிளாஸ்ட், அதிலிருந்து புரோமோனோசைட், அதிலிருந்து மோனோசைட் என்று பிறக்கிறது. பிறந்ததும் ரத்தத்தில் இறங்குகிறது. அங்கே பெரும்பாலானவை ஒரு நாள்தான் தங்கும். கொஞ்சம் மட்டும் சில நாட்கள் சுற்றும். மோனோசைட்டுக்கு ரத்தம் வீடு இல்லை, பஸ். எங்கேயாவது புண், கிருமி, செத்த அணு என்று சேதி வந்தால், அந்த இடத்து ரத்தக் குழாயின் உள்சுவரில் ஒட்டி, உருண்டு, இரண்டு அணுக்களுக்கு நடுவே உடம்பை நெளித்து வெளியே வந்துவிடும். வந்த இடத்தில் பருத்து, உள்ளே செரிமானப் பைகளைப் பெருக்கிக்கொண்டு, மேக்ரோஃபேஜ் ஆகும். பெரிய தீனிக்காரன் என்று அர்த்தம். தமிழில் பெருவிழுங்கி என்கிறார்கள், நல்ல பெயர்.

நெதர்லாந்தின் லைடன் நகரில் வேலை செய்த வான் ஃபர்த்தும் அவருடைய கூட்டாளிகளும் 1972இல் இதை ஒரே குடும்பமாகத் தொகுத்து எழுதினார்கள். திசுக்களில் இருக்கும் பெருவிழுங்கி எல்லாம் ரத்தத்து மோனோசைட்டின் பிள்ளைகள் என்பது அவர்கள் கருத்து. ஊரில் இருக்கிற அத்தனை பேரும் பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் என்று சொல்வது மாதிரி. சுமார் நாற்பது வருடம் எல்லோரும் அதையே படித்தோம், நான் படித்ததும் அதுதான்.

2010இல் சுண்டெலிகளில் செய்த ஒரு ஆராய்ச்சி அந்தக் கதையைத் திருப்பிப் போட்டது. மூளையில் இருக்கும் பெருவிழுங்கிக்கு மைக்ரோகிளியா என்று பெயர். அது மஜ்ஜையிலிருந்து வரவே இல்லை. கருவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் கருவுணவுப்பையில், எலும்பு என்ற ஒன்று உருவாகும் முன்பே பிறந்து, மூளைக்குள் போய்க் குடியேறி, அங்கேயே பெருகி வாழ்கிறது. பூர்வகுடி! கல்லீரலிலும் நுரையீரலிலும் இருப்பவற்றில் பெரும்பகுதியும் கருவிலேயே வந்து குடியேறியவைதான். குடலில் கதை நேர் எதிர். அங்கே பழையவை சீக்கிரம் போக, மோனோசைட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். பூர்வகுடி பெரிய நோயில் அழிந்துபோனால் அந்த இடத்தையும் மோனோசைட் வந்து நிரப்பி, அந்த ஊர் வேலையைக் கற்றுக்கொள்ளும்.

ஊருக்கு ஊர் பெயரும் வேறு. கல்லீரலில் குஃப்ஃபர் அணு. எலும்பில் பல மோனோசைட்கள் ஒன்றாக உருகிச் சேர்ந்து ஆஸ்டியோகிளாஸ்ட் ஆகி எலும்பைக் கரைக்கும். அது கரைக்காவிட்டால் எலும்பு கெட்டிப்பட்டு மஜ்ஜைக்கே இடமில்லாமல் போய்விடும். நுரையீரலில் இருப்பதற்குத் தூசு அணு என்றும் பெயர். பீடி பிடிப்பவர்களின் சளியை ஸ்லைடில் போட்டால், வயிறு நிறையக் கரியோடு அது உட்கார்ந்திருக்கும். பழைய அடுப்பு ஊதும் அம்மாக்களின் சளியிலும் பார்த்திருக்கிறேன்.

ரத்த ஸ்லைடுக்கு ஊற்றும் சாயத்துக்கு ஏன் லீஷ்மேன் சாயம் என்று பெயர்? லீஷ்மேனியா என்ற நோய்க்கிருமிக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டா?
— லேப் டெக்னீஷியன் படிப்பு மாணவி, நாகர்கோவில்

உண்டு, அதே ஆள்தான். வில்லியம் லீஷ்மேன், பிரிட்டிஷ் ராணுவ டாக்டர். கல்கத்தா பக்கம் டம்டம்மில் காய்ச்சல் கண்டு இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் முட்டை வடிவப் பொட்டுகளைப் பார்த்து 1903இல் எழுதினார். அதே வருடம் நம் சென்னை பொது மருத்துவமனையில் இருந்த சார்லஸ் டோனவன், உயிரோடிருந்த ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசி போட்டு எடுத்த மாதிரியில் அதையே பார்த்தார். கண்டவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயர் வந்தது. காலா அசார் என்ற காய்ச்சல் நோயின் கிருமி. அது குடியிருக்கும் இடம் எது தெரியுமா? பெருவிழுங்கியின் வயிறு. தின்ன வந்தவனுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்துகிற கிருமி அது. அடுத்த முறை சாயப் பாட்டிலை எடுக்கும்போது சென்னையையும் நினைத்துக்கொள்ளம்மா.

இந்தத் தின்னும் அணுக்களை முதலில் கண்டுபிடித்தது யார்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

இலியா மெச்னிகாஃப். ரஷ்யப் பேரரசில் பிறந்த விலங்கியல்காரர், டாக்டர் இல்லை. 1882இல் ஒடெஸ்ஸா பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, இத்தாலியின் சிசிலித் தீவில் மெசினா என்ற ஊரில் கடலோரமாகக் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டார் எல்லோரும் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியோடு தனியாக. பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் குஞ்சு. கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரியும் உடம்பு, அதற்குள் நகர்ந்து திரியும் அணுக்கள். திடீரென்று தோன்றியது: இவை திரிவது காவலுக்காகத்தானோ? அப்படியானால் முள் தைத்தால் ஓடிவர வேண்டுமே? தோட்டத்துக்குப் போனார். ரோஜா முள் நாலைப் பறித்துவந்து குஞ்சுகளின் தோலுக்குள் செருகினார். ராத்திரி தூக்கமில்லை. விடியற்காலையில் போய்ப் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடக்கின்றன.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது முள்தான். காலில் கருவேல முள் குத்தி, எடுக்காமல் விட்டு, மறுநாள் அந்த இடம் பருத்துச் சீழ் கோத்ததை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! முதலில், சில மணி நேரத்திலேயே ஓடிவருவது நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணு. கடித்துக் குதறிவிட்டு அங்கேயே செத்துச் சீழாகிவிடும். பின்னாலேயே மோனோசைட் வந்து, பெருவிழுங்கியாகி, சீழையும் சேர்த்துத் தின்று இடத்தைத் துப்புரவாக்கி, புண் ஆறுவதற்கு வேண்டிய ஆட்களையும் கூப்பிடும்.

மெச்னிகாஃப் 1908இல் பால் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கடைசிக் காலத்தில் புளித்த பால் குடித்தால் ஆயுள் கூடும் என்று சொல்லி, தானும் தினமும் குடித்தார். 71 வயது வரை இருந்தார். நம் வீட்டில் மோர் குடித்தே தொண்ணூறைத் தாண்டிய பாட்டிகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் பரிசு தரவில்லை.

சைக்கிளிலிருந்து விழுந்த என் மகனுக்குத் தொடையில் ரத்தம் கட்டியது. முதலில் கருநீலம், பிறகு பச்சை, இப்போது மஞ்சள். உள்ளே அழுகுகிறதா?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

அழுகவில்லை, சமையல் நடக்கிறது.

குழாய் உடைந்து திசுவில் கொட்டிய சிவப்பணுக்களைப் பெருவிழுங்கிகள் தின்கின்றன. தின்றதும் ஹீமோகுளோபினை உடைக்கின்றன. முதலில் வருவது பச்சை நிறப் பொருள், பிலிவெர்டின். அதை இன்னும் மாற்றினால் மஞ்சள் நிறப் பிலிருபின். மஞ்சள் காமாலையில் கண்ணில் தெரிவதும் அதே பொருள்தான். கடைசியில் கொஞ்சம் பழுப்பு மிஞ்சினால் அது இரும்புச் சத்து. ஆக உங்கள் மகனின் தொடையில் நிறம் மாறும் வரிசை, சமையல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காட்டும் வரிசை. மஞ்சளுக்கு வந்துவிட்டது என்றால் முடியப்போகிறது.

இதே சமையல் மண்ணீரலில் அடி எதுவும் படாமலே நாள் முழுக்க நடக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடான அணு நெகிழ்ச்சி குறைந்து, மண்ணீரலின் சந்துகளில் நுழைந்து வர முடியாமல் திணறும்போது, அங்கே உட்கார்ந்திருக்கும் பெருவிழுங்கி எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்கள் இப்படிப் போகின்றன. அவற்றிலிருந்து ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு மீண்டு மஜ்ஜைக்குப் போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். முருங்கைக் கீரையை நிறுத்த வேண்டாம். ஆனால் வீட்டுச் செலவில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்வது பழைய சாமானைப் பிரித்து விற்கும் இந்த ஆள்தான்.

(ரத்தக் கட்டு பெரிதாகிக்கொண்டே போனாலோ, அடிபடாமலே அங்கங்கே வந்தாலோ தட்டணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அது வேறு கதை.)

டி.பி. மருந்து ஒன்றரை மாதம் சாப்பிட்டேன். இருமல் நின்றுவிட்டது, எடையும் கூடிவிட்டது. இன்னும் நாலரை மாதம் ஏன்? வேலைக்குப் போகிற இடத்தில் மாத்திரை போடக் கூச்சமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், திருப்பூர்

தம்பி, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

நுரையீரலுக்குள் போகும் டி.பி. கிருமியைப் பெருவிழுங்கி விழுங்குகிறது. வழக்கமாக விழுங்கிய பையோடு அமிலப் பையைச் சேர்த்துக் கிருமியைக் கரைத்துவிடும். இந்தக் கிருமி அந்த இரண்டு பைகளும் சேராமல் தடுத்துவிடுகிறது. போலீஸ் ஜீப்புக்குள்ளேயே திருடன் படுத்துத் தூங்குவது மாதிரி. உடம்பும் விடுவதில்லை. மேலும் மேலும் மோனோசைட்களை அனுப்பி, கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு கோட்டை கட்டுகிறது. கிரானுலோமா என்பது அதுதான். கோட்டைக்குள் சில பெருவிழுங்கிகள் ஒன்றோடொன்று உருகி, குதிரை லாடம் மாதிரி வரிசையாக உட்கருக்கள் கொண்ட ராட்சத அணுவாகிவிடும். நெறிக்கட்டிலிருந்து எடுத்த மாதிரியில் அதைப் பார்த்தால் டி.பி. என்ற சந்தேகம் எங்களுக்குப் பலமாகிவிடும்.

மருந்து தொடங்கியதும் வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் கிருமிகள் முதலில் சாகும். அதனால்தான் இருமல் நிற்கிறது. கோட்டைக்குள்ளும் அணுக்களுக்குள்ளும் மந்தமாகக் கிடப்பவை அவ்வளவு சுலபமாகச் சாகாது. அந்த மிச்சத்துக்குத்தான் மீதி மாதங்கள். இப்போது பாதியில் விட்டால் எழுந்து வருவது அவைதான். மருந்துக்கு அடங்காத வகையாகவும் மாறிவிடலாம்.

கூச்சம் பற்றி ஒன்று. ஒரு காலத்தில் டி.பி. என்றால் தாம்பரம் சானடோரியம், மாதக்கணக்கில் படுக்கை. 1956இல் சென்னையில் தொடங்கிய டி.பி. ஆராய்ச்சி மையம் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் ஒரே மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு தேறினார்கள், வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகமே அதைப் பார்த்து வழக்கத்தை மாற்றிக்கொண்டது. நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டே மாத்திரை போட முடிவதற்கு, ஓலைக் குடிசையிலும் ஒற்றை அறையிலும் இருந்து அந்த மருந்தைத் தவறாமல் சாப்பிட்ட சென்னைக்காரர்கள் ஒரு காரணம். காலையில் வீட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்ப முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மேக்ரோஃபேஜை அதிகமாக்கும் என்று ஒரு மூலிகைப் பொடி, கிலோ 1,800 ரூபாய். வாங்கலாமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். பெருவிழுங்கி அளவுக்கு மீறிக் கிளம்பினால் அதுவும் ஆபத்து. ரத்தக் குழாய்ச் சுவரில் படியும் கொழுப்பைத் தின்று தின்று நுரை மாதிரி உப்பி, அங்கேயே செத்து, அடைப்புக்கு அடி போடுவதும் இந்த அணுதான். 1,800 ரூபாய்க்கு நல்ல செருப்பு வாங்கி நடங்கள்.

என் மகள் கல்லூரியில் படிக்கும்போது மணிக்கட்டில் ஒரு பெயரைப் பச்சை குத்திக்கொண்டாள். இப்போது கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. லேசரில் அழிக்க எட்டுத் தடவை வரச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
— ஒரு தாய், மதுரை

இந்த விஷயத்தில் ஏமாற்றவில்லை. குத்தும்போது உள்ளே போகும் மையைத் தோலில் இருக்கும் பெருவிழுங்கிகள் தின்றுவிடுகின்றன. ஆனால் மை செரிப்பதில்லை, அணுவின் வயிற்றிலேயே கிடக்கும். நாம் வெளியே பார்க்கும் எழுத்து, மை தின்ற அணுக்களின் வரிசைதான். சரி, அந்த அணு செத்தால் எழுத்து அழிய வேண்டாமா? பிரான்சில் சுண்டெலி வாலில் பச்சை குத்திப் பார்த்தவர்கள் 2018இல் இதற்கு விடை சொன்னார்கள். ஒரு அணு சாகும்போது சிந்தும் மையை அதே இடத்துக்கு வரும் புது அணு எடுத்துத் தின்றுவிடுகிறது. ஆள் மாறினாலும் மை இடம் மாறுவதில்லை. எங்கள் அம்மாச்சி கையில் சின்ன வயதில் குத்திய கோலம், அவர் 84 வயதில் போகும்வரை இருந்தது. ஓரம் கொஞ்சம் கலங்கியிருந்தது, அவ்வளவுதான்.

லேசர் அந்த மையைப் பொடியாக உடைக்கிறது. பொடியில் கொஞ்சம் நிணநீர் வழியாக வெளியேறும். மிச்சத்தைப் பக்கத்து அணுக்கள் மறுபடி விழுங்கிவிடும். அதனால்தான் பல தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே சில வாரம் இடைவெளி. கல்யாணத் தேதிக்கு முன் முடியுமா என்று தோல் டாக்டரிடம் கணக்குக் கேளுங்கள். முடியாவிட்டால் அகலமான வளையல் போதும். அந்தப் பெயர் யாருடையது என்று நீங்கள் எழுதவில்லை, மாப்பிள்ளையின் பெயராகவே இருந்தால் செலவு மிச்சம்.